எலி கடித்த விரல், ஊர் ஒதுக்கிய மனிதர்

வேலூரில் ஒரு கிடங்கு அறை. கதவில் துருப்பிடித்த பூட்டு. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் சாவியைப் போட்டு இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் திருகிப் பார்த்தார். பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. அருகில் நின்றிருந்த சிறுவன், தொழுநோய்க்குச் சிகிச்சை பெற வந்தவன், சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். மருத்துவர் ஆச்சரியத்தோடு குனிந்து பார்த்தபோது தரையில் ரத்தம் சொட்டியிருந்தது. சாவியின் விளிம்பு பையனின் விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிரும் என்றுதான் அன்று ஊர் நம்பியது. மருத்துவர்களிலும் பெரும்பாலோர் அதையே நம்பினார்கள். பூர்வஜென்ம பாவம், சாபம், கெட்ட நடத்தைக்குக் கிடைத்த கூலி என்று எத்தனையோ பேச்சுகள் அந்த நம்பிக்கையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பையனின் விரலில் வழிந்த ரத்தம் பிராண்டை வேறு திசையில் யோசிக்க வைத்தது. நோய்க்கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைத்தான் சாகடிக்கிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாத கை, எவ்வளவு அழுத்துகிறோம் என்று அறியாமல் அழுத்தும். எவ்வளவு சுடுகிறது என்று அறியாமல் பிடிக்கும்.

அதன்பின் அவரும் அவரது குழுவும் நோயாளிகளின் அன்றாடத்தை அணு அணுவாகக் கவனித்தார்கள். ஒவ்வொரு புண்ணும் எப்போது, எதனால் வந்தது என்று கேட்டார்கள். ஒருவர் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கியிருப்பார். இன்னொருவர் படித்துக்கொண்டே தூங்கி, அரிக்கேன் விளக்கின் சுடு கண்ணாடிமேல் கையை வைத்திருப்பார். சிலருக்கு மட்டும் காரணமே பிடிபடவில்லை. இரவு முழு விரலோடு படுத்து, காலையில் விரலின் ஒரு துண்டு இல்லாமல் எழுந்தார்கள். ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. எலி. உணர்ச்சி இல்லாத விரலை எலி வந்து கடித்தது, தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அன்றுமுதல் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

பூனை என்ற இந்த எளிய ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நோயாளிகள் எங்கே படுக்கிறார்கள், எந்த விளக்கில் படிக்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஒருவருக்குத்தான் அது தோன்றும். நோயாளியை எட்ட நிறுத்தி வைத்த உலகத்துக்கு, பல நூற்றாண்டுகளாக அந்த எலி கண்ணில் படவில்லை. பரிவு என்பதை மனம் கசிவதோடு முடிகிற காரியமாகவே நாம் எண்ணப் பழகியிருக்கிறோம். வேலூரில் அது உண்மையைக் கண்டுபிடிக்கும் கருவியாகவும் இருந்தது.

ஒரு கைகுலுக்கல்

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் மிஷனரிகள். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ராபர்ட் காக்ரேன் தோல்நோய் நிபுணர். மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார். வழியெங்கும் மடங்கிய கைகள், பறவை நகம்போல் வளைந்த விரல்கள். இந்தக் கைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். அதை ஆராய ஓர் எலும்பு மருத்துவர்கூட இதுவரை வரவில்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

அங்கிருந்த ஒருவரிடம், உங்களால் முடிந்த மட்டும் என் கையை அழுத்துங்கள் என்று கையை நீட்டினார் பிராண்ட். செத்துப்போன கை என்று எல்லோரும் முடிவுகட்டிய அந்தக் கை, மருத்துவர் வலியில் துடிக்கும் அளவுக்கு இறுக்கியது. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகள் நல்ல பலத்தோடு இருந்தன. அப்படியானால், வேலை செய்யும் தசைநார் ஒன்றை இடம் மாற்றிக் கட்டி, செயலிழந்த விரலை நிமிர்த்தலாமே! அவரும் உடனிருந்தவர்களும் ஏராளமான நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்தார்கள். எந்தத் தசை செயலிழக்கிறது, எது தப்புகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. 1948-ல் வேலூரில் அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின.

சுலபமாகத் தொடங்கவில்லை. தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனைக்குள் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று மருத்துவமனைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. படித்தவர்களின் பயம் படிக்காதவர்களின் பயத்துக்குக் குறைந்ததில்லை. மருத்துவமனை வாசல்களில் இன்றைக்கும் அதைக் காணலாம்.

கை நிமிர்ந்தவர்கள் சந்தோஷமாக ஊருக்குப் போனார்கள். சில மாதங்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். வளைந்த கையைப் பார்த்துப் பிச்சை போட்ட ஊர், நிமிர்ந்த கைக்குப் பிச்சை போடவில்லை. தழும்பைப் பார்த்து வேலையும் தரவில்லை. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பேருந்தில் ஏறினால் இறக்கிவிட்டார்கள். மருத்துவம் சரியாக்கிய கையை ஊர் ஏற்க மறுத்ததால், அந்தக் கை முன்பைவிடப் பட்டினி கிடந்தது.

மருத்துவமனை வளாகத்தை ஒட்டி 'நவஜீவ நிலையம்' தொடங்கப்பட்டது இப்படித்தான். மண் குடிசைகள் கொண்ட ஒரு சிற்றூர். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் கற்றார்கள். வலி தெரியாத கையால் உளியையும் ரம்பத்தையும் காயமில்லாமல் பிடிப்பது எப்படி என்பதும் பாடம். 1955-ல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை உருவானபோது இந்த அனுபவமெல்லாம் அங்கே சேர்ந்தது.

முகத்துக்கும் சிகிச்சை நடந்தது. நோய் முற்றியவர்களுக்குப் புருவ முடி உதிரும், மூக்குத்தண்டு அமிழும். ஊர் முதலில் அடையாளம் காண்பது அதைத்தான். தலையிலிருந்து முடியோடு தோலை எடுத்துப் புருவத்தில் பொருத்தினார்கள். அது தலைமுடி அல்லவா, நீளமாக வளர்ந்துகொண்டே போகும். வெட்டச் சொன்னால் சிலர் வெட்ட மாட்டேன் என்றார்கள். புருவமே இல்லாமல் வருஷக்கணக்கில் தலைகுனிந்து நடந்தவர்கள், கண்ணை மறைக்கும் புருவத்தோடு பெருமையாக நடமாடினார்கள்.

நல்லெண்ணமும் சில நேரம் சறுக்கும். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமலிருக்க, எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு உருவாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் பாதங்களை அது காப்பாற்றியது. ஆனால் அந்தச் செருப்பின் தோற்றம் தனியாகத் தெரிந்தது. செருப்பைப் பார்த்தே ஆளை ஒதுக்கினார்கள். அதனால் வாங்கியவர்கள் போடாமல் வீட்டில் வைத்தார்கள். கடைச் செருப்புபோலத் தெரியும் விதத்தில் அதைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் பலர் துணிந்து போட்டார்கள். பாதத்தைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பாதம் நடந்துபோகும் தெருவை நினைத்துப் பார்க்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

1954

அந்த ஆண்டு தீபாவளிக்கு 'ரத்தக்கண்ணீர்' திரைப்படம் வெளியானது. திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், எம்.ஆர்.ராதாவின் நடிப்பு. தமிழ் சினிமாவில் மறக்க முடியாத நடிப்புகளில் ஒன்று அது. மூடத்தனங்களைக் கிழித்த வசனங்கள் இன்றும் மக்கள் வாயில் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மனைவியை உதறி, தாசி வீட்டில் விழுந்து கிடக்கும் நாயகனுக்குத் தண்டனையாக வருவது தொழுநோய். அவன் தவறுகளின் கணக்கை அவன் உடம்பு தீர்க்கிறது. சாதியையும் சடங்கையும் அத்தனை துணிச்சலாகக் கேள்வி கேட்ட கலை, நோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டிய பழைய நம்பிக்கையை அப்படியே தூக்கிக்கொண்டது. தலைமுறைகள் அந்தப் படத்தைப் பார்த்தன. தொழுநோய் என்றவுடன் பல தமிழர்களின் மனக்கண்ணில் வருவது கிருமியோ மாத்திரையோ இல்லை, திரையில் உடல் நடுங்க நின்ற ராதாதான்.

அதே 1954-ல் வேலூரின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சாலை விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தார். முகத்திலும் ஆழமான தழும்பு. இனி மருத்துவத் தொழிலே இல்லை என்று அவர் நினைத்திருந்த நேரத்தில், தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பழகச் சொன்னார் பிராண்ட். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் அறுவை அரங்குக்குள் வந்தபோது, மேஜையில் படுத்திருந்தவர்களுக்கு அவரைப் பார்த்ததே பாதி மருந்தாக இருந்தது. தங்கள் உடம்பைப் போலவே உணர்ச்சி இழந்த உடம்போடு ஒரு டாக்டரம்மா தங்கள் கையை எடுத்துத் தைக்கிறார். பின்னாளில் வேலூரில் உடலியக்க மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பியவர் அவரே. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், தப்பெண்ணம் எப்படி உருவாகிறது, எப்படிக் கரைகிறது என்பதை ஆராய்ந்து எழுதிய நூல் வெளிவந்ததும் 1954-ல்தான். இரு தரப்பாரும் வெறுமனே சந்தித்தால் போதாது; சமமானவர்களாக, ஒரே வேலைக்காகச் சேர்ந்து உழைக்கும்போதுதான் தப்பெண்ணம் இளகும் என்றார் அவர். ஏட்டில் இருந்த அந்தக் கருத்துக்கு வேலூரின் அறுவை அரங்கில் உயிருள்ள சாட்சி உட்கார்ந்திருந்தது.

சட்டம் போக நூறாண்டு

பிச்சை எடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்து அடைத்துவைக்க வழிசெய்த சட்டம் 1898-ல் வந்தது. மத்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீக்கப்பட்டது 2016-ல். நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், மருந்துக்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது புரியும்.

குடும்பச் சட்டங்கள் இன்னும் தாமதம். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால், அதைக் காட்டி விவாகரத்து கேட்க இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணச் சட்டங்களும் சிறப்புத் திருமணச் சட்டமும் இடம் கொடுத்தன. 2015-ல் சட்ட ஆணையம் தனது 256-வது அறிக்கையில் இவற்றை நீக்கச் சொன்னது. 2019-ல்தான் நாடாளுமன்றம் நீக்கியது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் தீரும் நோய், அதுவரை விவாகரத்துக்கு உரிய காரணமாக இருந்தது. இதனால் எத்தனை பெண்கள் நடுத்தெருவில் நின்றார்கள் என்பதை எந்தக் கணக்கேடும் எழுதி வைக்கவில்லை. தொழுநோய்க் குடியிருப்புகளில் வயதான பெண்களோடு சிறிது நேரம் பேசினால் போதும், அந்தக் கணக்கு பேச்சில் வந்துவிடும்.

இப்போது நோயின் நிலை என்ன? நூற்றில் 95 பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயுமில்லை. சிகிச்சை பெறாத ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகினால்தான் பரவ வாய்ப்பு. கிருமி உடலுக்குள் போய் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை போய்விடும். தேசிய அளவில் 10,000 பேரில் ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டதாக இந்தியா 2005 டிசம்பரில் அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகு பலர் நோயே ஒழிந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இந்தியாவில் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. உலகக் கணக்கில் பாதிக்கு மேல் இது.

முதல் அறிகுறி சாதாரணமானது. வெளிறிய அல்லது சிவந்த ஒரு தேமல். அரிக்காது, வலிக்காது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அந்த இடத்தைத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று சுகாதார ஊழியர் கேட்பார். காட்டத் தெரியாவிட்டால் சந்தேகம். இந்த நிலையிலேயே மருந்து தொடங்கினால் கை வளையாது, கால் புண்ணாகாது, வாழ்நாள் முழுதும் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் தேமலைப் பார்த்தவருக்குச் சந்தேகம் வந்தவுடன் முதலில் கைக்கு வருவது முழுக்கைச் சட்டை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், கடையில் டீ டம்ளரைத் தனியாக வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்து மாதங்கள் ஓடுகின்றன. அந்த மாதங்களில்தான் நரம்பு போகிறது. ஊர் பயப்படுகிற வளைந்த கையை உருவாக்குவதில் ஊர்ப் பயத்துக்கே பெரிய பங்கு இருக்கிறது.

முகம் பார்த்துப் பேசியபோது

சுவரொட்டி ஒட்டினால் அறிவு கொஞ்சம் கூடும். பயம் அவ்வளவு எளிதில் போகாது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் உள்ள சிரபோன் மாவட்டத்தில் 2010-களின் முதல் பாதியில் ஆய்வாளர்கள் வேறு வழியை முயன்றார்கள். தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்று தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். கேமராவைக் கையில் வாங்கித் தங்களைப் பற்றிக் குறும்படங்கள் எடுத்தார்கள், சித்திரக்கதைகளும் செய்தார்கள். படம் முடிந்ததும் பார்த்தவர்களும் எடுத்தவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். முன்னும் பின்னும் அளந்து பார்த்ததில், ஊராரின் அறிவு கூடியிருந்தது. ஒதுக்கும் மனப்போக்கு குறைந்திருந்தது.

நேபாளத்தின் லால்கட் தொழுநோய் மருத்துவமனை இன்னும் ஓர் அடி முன்னே போனது. புண் பராமரிப்பைக் கற்றுக்கொண்ட நோயாளிகளையே பயிற்றுநர்களாக்கி ஊருக்கு அனுப்பினார்கள். அவர்கள் நடத்திய குழுக்கள் நாளடைவில் சேமிப்புக் குழுக்களாக மாறின. நோய் இல்லாத அயலாரும் அவற்றில் சேர்ந்தார்கள். ஊருக்குப் பயன்படும் காரியங்களை முன்னின்று நடத்தியவர்கள், ஒருகாலத்தில் ஊர் விலக்கி வைத்தவர்களாக இருந்தார்கள். ஆல்போர்ட் சொன்ன சமமான உழைப்பு இதுதான்.

புண் பராமரிப்பு என்பது என்ன என்று பார்த்தால், அதில் மறைக்கவோ அருவருக்கவோ எதுவுமில்லை. ஒரு வாளித் தண்ணீர். பாதத்தை இருபது நிமிடம் ஊறவைக்க வேண்டும். காய்த்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, விரல் இடுக்கெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். கண்தான் இப்போது நரம்பின் வேலையைச் செய்கிறது. கண் பார்வையும் குறைந்தவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மருமகளோ பேரனோ தினம் ஒருமுறை அந்தப் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வீட்டில், புண் வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே கண்ணில் பட்டுவிடும்.

இன்று இந்தப் போராட்டம் முட்டி நிற்கும் இடம் அக்கம்பக்கம். புதிதாக ஒருவருக்கு நோய் உறுதியானால், அவரோடு பழகியவர்களுக்கு நோய் வராமல் தடுக்க ரிஃபாம்பிசின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுக்கும் திட்டம் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. வங்கதேசத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரு வேளை மருந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் புதிதாக நோய் வருவதை 57 சதவீதம் குறைத்தது. வீட்டில் கூடவே இருப்பவர்களைவிட, சற்றுத் தள்ளியிருந்த அயலாரிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

அயலாருக்கு எப்படிக் கொடுப்பது? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மாத்திரை நீட்டினால், யாருக்காக இது என்று கேட்பார்கள். ஆகவே நோயாளியின் சம்மதம் இல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. நியாயமான விதி. சம்மதம் கிடைக்காவிட்டால் மருந்து குடும்பத்தோடு நின்றுவிடும். பலன் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய அயலாருக்குப் போய்ச் சேராது.

இந்தச் சிக்கலைத் தாண்டியதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் கடல் தீவுகள் சிலவற்றில், நோயாளி யார் என்று பார்க்காமல் தீவு முழுக்கத் தகுதியுள்ள எல்லோருக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே புதிய நோயாளிகள் குறைந்தார்கள். நோயாளியோடு பழகியவர்களுக்கு மட்டும் கொடுத்த தீவுகளில் அப்படிக் குறையவில்லை. நம் ஊரில் நோய் தென்படும் தெருக்களில், தோல் பரிசோதனை முகாம் என்று எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, பஞ்சால் தொட்டுப் பார்த்து, தகுதியானவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுக்க முடியும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், காசநோய் அறிகுறி உள்ளவர்களை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். வரிசையில் கவுன்சிலரும் பள்ளித் தலைமையாசிரியரும் முதல் ஆட்களாக நின்று சட்டைக் கையை மடித்துவிட்டால், பின்னால் நிற்கும் ஒருவர் பல மாதங்களாக முழுக்கைச் சட்டைக்குள் மறைத்த தேமலைக் காட்டக் கூச்சப்பட வேண்டியதில்லை.